சீர் குக்கருக்கு பில்

திருக்கோகர்ணம் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தீத்தழும்பு இருந்தவர் சொன்னார்:

“எங்க ஓரகத்தி குக்கரும் வெடிச்சுது, என் குக்கரும் வெடிச்சுது. அவளுக்கு வெந்தது ரெண்டு வெரலு. எனக்கு முழங்கை வரைக்கும். கன்ஸ்யூமர் கோர்ட்டுல நஷ்டஈடு அவளுக்குத்தான்.”

“நீங்களும் கேஸ் போடலாம்லக்கா?”

“பில்லு வேணுமாம். அவ வெக்கமில்லாம பொறந்த வீட்டுல கேட்டு வாங்கிட்டா. சீரா வந்த பொருளுக்கு நான் எந்த வாயால கேக்குறது?”

“ஒங்க அண்ணன்தானக்கா, தப்பா நெனைக்க மாட்டாரு.”

ஒட்டுக்கேட்பது தவறுதான். ஆனாலும் மடியில் தூங்கிய பிள்ளையைச் சாக்காக வைத்து அசையாமல் இருந்தேன்.

அவர் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டார்.

“நேத்து கேட்டுட்டேன். கடையில வாங்கலையாம். அண்ணிக்கு சீர்ல ரெண்டு வந்துச்சாம். வேண்டாததை எனக்குத் தள்ளிவிட்டிருக்காங்க.”