ஹினெக்கின் கட்டைவிரல்

மழை நாளில் ஆட்டுக் குடலில் திரித்த தந்தி சுருதியில் நிற்காது, சாமி. அதனால் அன்று பிரபுவின் மாளிகையில் கச்சேரி கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.

அவருடைய வாத்தியக் குழுவுக்கு நான் தலைவன். முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலினான செல்லோவை வாசிப்பவன் ஹினெக். எங்கள் மொராவியாவில் கான்செர்ட்டோ என்கிற இசைக்கோவை ஒரே ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி. அவன் விரல் எதுவரை எட்டும், எங்கே திணறும் என்று பார்த்துப் பார்த்து நாலு மாதம் எழுதினேன். முடிவுக்குச் சற்று முன் குழு நின்றுவிடும்; அவன் மட்டும் மனம்போனபடி வாசிக்கலாம். அந்த இடத்தில் என் எழுத்து ஒன்றும் கிடையாது.

இரண்டு நிமிடம் வாசித்தான். பிரபு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

"அந்தத் தனி வாசிப்பு பிரமாதம்யா," என்றார். என் பக்கம் திரும்பி, "மத்ததும் பரவால்ல," என்றார்.

சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது. பாவமன்னிப்புக் கூண்டில்கூடச் சொல்லக் கூசுகிறது.

பிரபு வியன்னாவுக்குப் போனதும் அவனுக்கே இன்னொரு கான்செர்ட்டோ எழுதினேன், மிக உயர்ந்த சுரங்களில். அங்கே கட்டைவிரலைப் பக்கவாட்டில் தந்திமேல் அழுத்திக்கொண்டே வாசிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தோல் வெடித்தது. ஹினெக் துணி சுற்றிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கொஞ்சம் கீழ இறக்கி எழுதிக் குடுங்க. புண்ணு ஆறட்டும்."

"இப்படித்தான் வேணும்னு பிரபு கடுதாசி போட்டிருக்காருப்பா. ஹினெக்கால முடியும்னு வேற எழுதியிருக்காரு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் போனதும் இன்னும் நாலு வரி சேர்த்தேன்.

பிறகு அவன் மனைவி டோரோட்டா பிளம் ரொட்டியோடு வந்தாள்.

"விரல் கறுத்துப்போச்சு அண்ணே. ஒரு வாரம் விட்டுருங்க. இந்த மனுசனுக்கு வேற வேல எதுவும் தெரியாது."

"பிரபுவுக்கு எழுதிக் கேக்குறேம்மா," என்று ரொட்டியை வாங்கிக்கொண்டேன். எழுதவில்லை. ஒத்திகையைத் தினசரி ஆக்கினேன்.

வைத்தியர் முதலில் விரலை எடுத்தார். அப்புறம் கையை. வியாழக்கிழமை அவனையே அடக்கம் செய்தோம்.

நான் எழுதியது சுரங்கள்தானே, கத்தியா எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெட்கம் அடங்கவில்லை. கல்லறையில் டோரோட்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ கேட்டுப் பாத்தீங்க அண்ணே, அந்தப் பெரிய மனுசன்தான் மனசு எறங்கல," என்று அழுதாள்.

வியன்னாவிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, சாமி. அப்படி ஒரு கான்செர்ட்டோ இருப்பதே பிரபுவுக்குத் தெரியாது.

"அவர மன்னிச்சுடும்மா," என்றேன் அவளிடம்.