மஞ்சள் குறி

மஞ்சள் பெயிண்ட் நகத்தில் ஒட்டினால் லேசில் போகாது இன்ஸ்பெக்டர் சார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பாருங்கள், இன்னும் இருக்கிறது.

பம்மலில் எனக்குச் சின்ன ஒர்க் ஷாப். பிரேக் வேலைதான். போன மாதம் தயாளன் தேடி வந்தார். ரிட்டயர் ஆன மனுஷன், கூடுவாஞ்சேரி வீட்டு வாசலில் தானே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். பழைய வேன் சேஸ், இரும்புக் குழாயில் பாடி. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாட்டித் தரச் சொன்னார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். என் தம்பி கோபு அங்கே தகடு வெட்டும் மெஷின் ஓட்டினான். போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பார்த்த பிறகுதான் அதன்மேல் மஞ்சள் குறி போட வேண்டும். தயாளன் முறுக்காமலே போடுவார். ஒரு நாள் மெஷினின் தடுப்பு கழன்றது. கோபுவின் இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன. விசாரணை நடந்த ரூமுக்கு வெளியே நின்றிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது: “குறி போட்டது நான்தாங்க. கை வைக்கிறவன் ஒரு தடவ பாத்துட்டு வைக்கணும்ல?”

கோபுவுக்கு நான்தான் சோறு ஊட்டுவேன். இன்றைக்கு யார் ஊட்டினார்களோ தெரியவில்லை.

மூன்று நாள் வேலை. அவர் மகள் ஜெயப்ரியா வேளாவேளைக்கு டீ கொடுத்தாள். “அண்ணா, இந்த டப்பா ஓடுமா?” என்றாள்.

“ஓடும்மா. நிக்கிறதுதான் கஷ்டம்.”

சிரித்தாள்.

வலது சக்கரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் மாட்டினேன். இடது பக்கம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி, மேலே மஞ்சள் குறி போட்டேன். தயாளன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். ஸ்பேனரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தேன்.

“குறிதான் இருக்கே, அப்புறம் என்னப்பா,” என்றார்.

வெள்ளிக்கிழமை பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். அவர் தனியாகத்தான் போவார் என்று நினைத்திருந்தேன். கடைசியில் ஜெயப்ரியா ஓடிவந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டைத் தேடினாள். எடுத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

பழம் நசுங்கியது. தெருமுனையில் பிரேக் போட்டுப் பார்த்தார், நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில், லாரிக்குப் பின்னால், நிற்கவில்லை. இடது பக்கம்தான் லாரிக்கு அடியில் போனதாம். அவருக்குத் தோளில் நாலு தையல்.

அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார். குறி போட்டது நான்தான். ஏறுறவ ஒரு தடவ பாத்துட்டு ஏறணும்ல?