கழுவாத கை

மாலை ஐந்து ஐம்பது. தேக்குக் காட்டுக்கு நடுவே போகும் சாலை. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்குக்கு இன்னும் சில நிமிடங்கள்தான்... அந்த இடத்தில் பர்மாடியின் மோட்டார் சைக்கிள் நின்றுபோனது.

யார் பர்மாடி என்கிறீர்களா? என் நாத்தனார் லாஸ்மியின் புருஷன். ஆகவே இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள். ஜெனரேட்டர் பிரசவ அறைக்கு மட்டும்தான் ஓடுகிறது, இந்த நடைக்கு விளக்கு வர நேரமாகும். அந்தக் கிராம்புச் சிகரெட்டை முதலில் அணையுங்கள். உள்ளே உங்கள் பெண்டாட்டிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், நீங்கள் பாயில் படுத்துக்கொண்டு ஃபுட்பால் பேசுகிறீர்கள். இருபது வருடமாகப் பிரசவ வார்டில் ஆயா வேலை பார்க்கிறேன். அப்பன்மார்களை எனக்குத் தெரியாதா?

பர்மாடி கட்டட மேஸ்திரி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் சேய் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். டச்சுக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம், மழை பெய்தால் தொட்டிலுக்கு மேல் குடை பிடிக்க வேண்டும். அதை இடித்து மூன்று மாடியில் புதிதாகக் கட்டுவதாக முடிவானது. லிஃப்ட், குறைமாதக் குழந்தைகளுக்குத் தனி வார்டு, எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய். நல்ல காரியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை.

அங்கே சலவைக்கூடத்தில் வர்சினி என்று ஒருத்தி. புருஷன் மலேசியாவில், செம்பனைத் தோட்டத்தில். அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பழைய கட்டடத்தின் முன்பக்கம் இன்னும் இடிபடவில்லை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தையை வைத்திருந்தார்கள்.

நஞ்சுக்கொடியை வாசலில் புதைக்க அவள் குடியிருந்த சந்தில் மண்ணே கிடையாது, எல்லாம் சிமெண்ட். அதைக் கழுவ வேண்டிய அப்பனும் ஊரில் இல்லை. அவளே கழுவினாள். உப்பும் மஞ்சளும் பூவும் போட்டுப் பானையில் வைத்து, ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள். மேலே ஒரு விளக்கு, விளக்குக்கு மேல் கவிழ்த்த கூடை. முப்பத்தைந்து நாள் அது அணையக் கூடாது. நஞ்சுக்கொடி குழந்தையோடு கூடப் பிறந்ததுதானே? மண்ணுக்குள் இருந்துகொண்டு அதுதான் காவல் காக்கும்.

அந்த மூலையைத் தோண்டப் பர்மாடி வந்தான். வர்சினி ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"மேஸ்திரி, இன்னும் பதினோரு நாள்தான். எம் பொண்ணு அந்தப் பெட்டிக்குள்ள மூச்சுக்குத் திணறிக்கிட்டுக் கெடக்கா. இந்த ஒரு மூலைய மட்டும் விட்டுருங்க."

"சரிக்கா, விட்டாச்சு. போய் நிம்மதியாத் துணியத் துவைங்க."

அவள் நம்பினாள். நாலு நாள் கழித்து, மேலிடத்திலிருந்து பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பின்பக்கமும் தளம் போட்டிருந்தால் படம் நன்றாக விழும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். பர்மாடி மண்வாரி வண்டியை உள்ளே விட்டான். ஒரே அள்ளு... பப்பாளி மரம், கூடை, விளக்கு, பானை எல்லாம் லாரியில் போய்விட்டன. சாயங்காலத்துக்குள் கான்கிரீட் கொட்டியாகிவிட்டது.

மறுநாள் விடிவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

வர்சினி அழவில்லையாம். நேராகப் பர்மாடியிடம் வந்து, "மண்ண எங்க கொட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"காட்டு ரோட்டோரம் எங்கயாச்சும் கொட்டியிருப்பான். போக்கா, போய் வேலையப் பாரு."

அவள் போனாள். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விறகு பொறுக்கப் போனவர்கள்தான் அவளைப் பார்த்தார்கள். உடைந்த ஓடும் செங்கல்லும் குவிந்து கிடந்த இடத்தில், மண்டியிட்டபடி... பத்து விரலிலும் நகமே இல்லை. பச்சை உடம்பு, ரத்தப்போக்கு என்று சீட்டில் எழுதினார்கள். என்னைக் கேட்டிருந்தால் பர்மாடி என்று எழுதச் சொல்லியிருப்பேன்.

"ஆயாம்மா, பேய் எப்பத்தான் வரும்?" என்கிறான் இந்தச் சிவப்புச் சட்டைக்காரன். வரும் தம்பி, அவசரப்படாதே. உன் வீட்டுக்கும் அதே காட்டு வழிதானே?

ஒரு வருடத்தில் கட்டடம் முடிந்தது. திறந்த முதல் வாரத்திலேயே லாஸ்மி அங்கே பிரசவத்துக்குப் போனாள். மூன்று முறை கலைந்து, நாலாவதாகத் தங்கிய பிள்ளை. இதுவும் போனால் அவள் தாங்க மாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பர்மாடிக்கும் தெரியும். பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல குரல்.

நர்ஸ் கதவைத் திறந்து, "கொழந்தையோட அப்பா யாரு? வந்து நஞ்சுக்கொடியக் கழுவுங்க" என்று கூப்பிட்டாள். அப்பன்தான் தன் கையால் கழுவ வேண்டும். பிள்ளையைச் சுமப்பதுபோலத் தோளில் துணி கட்டிச் சுமந்துபோக வேண்டும். இவன் என்ன சொன்னான் தெரியுமா?

"நீங்களே கழுவிக் கட்டிக் குடுத்துருங்க சிஸ்டர். எனக்கு வயித்தப் பொரட்டுது."

சொல்லிவிட்டு, சொந்தக்காரர்களுக்குத் தான் கட்டிய லிஃப்டைக் காட்டப் போய்விட்டான். அந்த லிஃப்டில் மேலும் கீழுமாக ஆறு தடவை போய்வந்தார்களாம். வார்டு ஆயா ஒருத்தி கழுவி, பானையில் வைத்து, வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தாள். அதைக் கறிகாய்ப் பை மாதிரி வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அப்படிப் போகும்போதுதான்... ஐந்து ஐம்பது. தேக்குக் காடு. வண்டி நின்றுபோனது.

உதைத்தான். உதைத்தான். கிளம்பவில்லை. சுற்றிலும் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. அப்புறம் ஒரு சத்தம். தப்... தப்... தப்... கல்லில் துணி அடிக்கும் சத்தம். சவுக்கார வாசனை. பக்கத்தில் ஓடையும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது.

சாலை ஓரத்தில் அவள் குந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஈர முடி மண்ணில் புரண்டது. அவளுக்கு முன்னால் வரிசையாகப் பானைகள், எல்லாம் ஒரே சூளையில் சுட்டதுபோல ஒரே மாதிரிப் பானைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. காற்று அடித்தது, ஆனால் ஒரு சுடரும் ஆடவில்லை.

பர்மாடி கைப்பிடியைப் பார்த்தான். துணி முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஒங்க புள்ளையோடது இதுல இருக்கு" என்றாள் அவள், திரும்பாமலே. "எடுத்துக்குங்க. நான் தடுக்கல."

"அக்கா... எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கழுவுன கைக்குத் தெரியும்."

பர்மாடி பானைகளுக்கு முன்னால் மண்டியிட்டான். தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்று சூடாக இருந்தது, ஒன்று சில்லென்று இருந்தது, ஒன்றுக்குள் ஏதோ மெல்லப் புரண்டது. லாஸ்மியின் முகம் நினைவுக்கு வர, அழுதுகொண்டே ஒன்றைத் தூக்கி மடியில் கட்டினான். அந்த நொடியே வண்டி தானாகக் கிளம்பிவிட்டது.

போகும்போது கண்ணாடியில் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. அவள் எழுந்து நின்றாள். வரிசையிலிருந்து ஒரே ஒரு பானையை எடுத்தாள். தன் பிள்ளையை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து புதைத்தான். விளக்கு வைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. குழந்தைக்கு நிங்ரும் என்று பெயர் வைத்தார்கள். ஒரு காய்ச்சல் இல்லை, ஒரு சளி இல்லை, கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆனால் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காது. பால் குடிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளும். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. எந்தப் பிள்ளை எப்போது பேசினால் என்ன, நன்றாக இருந்தால் சரி என்று நான்தான் லாஸ்மியைத் தேற்றினேன்.

போன வருடம் நோன்புக்கு முந்தைய வாரம். மாலை நேரம். லாஸ்மி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் கையைத் தள்ளிவிட்டு முதன்முதலாக வாய் திறந்தது. மழலையே இல்லை, பெரிய மனுஷிப் பேச்சு.

"போதும்க்கா. இத்தன நாளா என்னப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி. எங்கம்மா வந்துட்டாங்க."

லாஸ்மி கையிலிருந்த தட்டு விழுந்தது. பர்மாடி பாய்ந்துபோய்க் கதவைத் தாழிட்டான். தரையில் விழுந்து, தான் செய்ததை எல்லாம் அலறி அலறிச் சொன்னான். "என்னக் கொண்டுபோ, அவள விட்டுரு" என்று கதவில் தலையை முட்டிக்கொண்டான். லாஸ்மிக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. பாவம், அவள் என்ன செய்தாள்? செய்தவன் ஒருத்தன், வெந்தது அவள் வயிறு. எனக்கு இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

குழந்தை கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள்ளே, தன் பக்கத்தில், வெறும் இடத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. வலது கையை மேலே தூக்கியது. விரல்கள் மெல்ல மடங்கின.

அந்தக் கை அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை. சாப்பிடும்போதும் அப்படித்தான், தூங்கும்போதும் அப்படித்தான். டாக்டர்கள் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். போன மாதம் நான் போயிருந்தேன். நிங்ரும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள், கை மட்டும் அந்தரத்தில். எனக்கு மனசு கேட்கவில்லை. மெல்லப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள்.