அணையைச் சுற்றி வந்த கூழாங்கற்கள்

மேடையில் இருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, மதகைத் திறந்து மூடும் மாமா அவர்களே, லாரியை நிறுத்திவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன் அவர்களே, அத்தைக்காகக் கூடியிருக்கும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் வணக்கம்.

ஆற்றுப் பொறியாளரான என் அத்தை உங்களில் பலருக்குக் 'கூழாங்கல் மேடம்'. அந்தப் பட்டத்தை நீங்கள் கேலியாகத்தான் வைத்தீர்கள். அது அத்தைக்கும் தெரியும்!

ஆற்றுக்கு யாராவது கல் கொண்டுபோவார்களா? அத்தை கொண்டுபோனார். அணை தண்ணீரை மட்டுமா தடுக்கிறது? ஆறு உருட்டிவரும் கூழாங்கல்லையும் தடுக்கிறது. மதகு வழியே வெறும் தண்ணீர் பாய்ந்து, கீழே இருக்கிற கல்லையும் வாரிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது பாறை. கூழாங்கற்களுக்கு நடுவே குழி பறித்து முட்டையிடும் மீன் பாறையில் என்ன செய்யும்?

முதல் வருடம் அத்தை குவாரியிலிருந்து உடைத்த ஜல்லியை வாங்கிக் கொட்டினார். கூர்கூரான ஜல்லி. ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"மீனுக்கு வீடு கட்டுவீங்கன்னு பாத்தா, ரோடு போட்டுட்டீங்களே மேடம்!" என்றார் ஓட்டுநர் அண்ணன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். அதன் பிறகு, அணைக்கு மேலே தேங்கிக் கிடந்த உருண்டைக் கற்களையே அள்ளி, அணையைச் சுற்றிக் கீழே கொண்டுவரச் சொன்னார்.

"ஆறு பாக்குற வேலைய நாம பாக்குறோம்ப்பா. ஆத்துக்குத்தான் அணையக் கட்டி லீவு விட்டாச்சே!" என்பார் அத்தை.

இந்த வருடமும் மீன் வராவிட்டால் வேலையை நிறுத்திவிடுவோம் என்றது அலுவலகம். அத்தையோ ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊசி போட வந்த நர்ஸிடமும், "கல்லு நிக்குதாம்மா?" என்றுதான் கேட்டார். மதகைச் சட்டென்று திறந்தால், கொட்டிய கல் அத்தனையையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். மதகு மாமா கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். மாமா, உங்கள் கைகளுக்கு நன்றி!

ஒரு மத்தியானம் ஓட்டுநர் அண்ணன் போனில் கத்தினார்: "மேடம், வாலால குழி பறிக்குதுங்க! முட்டை போட்டிருக்கு மேடம்!"

"கத்தாதய்யா, ஓடிடப் போவுது" என்றார் அத்தை. அன்று வலியை மறந்து தூங்கினார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அழுகை வருகிறது. ஆனால் நெஞ்சில் பாரம் இல்லை. தெரியாமலே போயிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. தெரிந்துகொண்டு போனார்! அது போதும்.

வேலை தொடரும் என்று சற்றுமுன் தலைமைப் பொறியாளர் அவர்கள் இந்த மேடையிலேயே அறிவித்துவிட்டார். லாரி போகும், மதகு மெல்லத் திறக்கும். நானும் என் தோழிகளும் மீன் பறித்த குழிகளைக் கரையிலிருந்தே பார்த்து வந்து உங்களுக்குச் சொல்வோம். அத்தைமேல் ஆணையாக, அங்கே கத்த மாட்டோம்.