செம்பூரில் ஒரு சர்ப்பக்காவு

காலையில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காப்பி ருசிக்கும். இங்கே லாக்கப்பில் நடக்க இடமில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை, இன்ஸ்பெக்டர். நீங்கள் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறீர்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வேங்கடசுப்ரமணியன். பாலக்காட்டுக்காரன். ஃபோர்ட்டில் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். செம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது. ஆல், நாவல், புங்கை, நடுவே ஒற்றையடிப் பாதை. என் காலை நடை அதில்தான். யுத்தம் முடிந்த மறு வருஷம், அதை வெட்டிக் கூலிக்காரர்களுக்குச் சால் என்கிற வரிசை வீடுகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. ஆளுக்கு ஒரு ரூம், வரிசைக்கு ஒரு குழாய். தெருக்காரர்கள் கூடி வனரட்சண சபை ஆரம்பித்தோம். நான் காரியதரிசி, பக்கத்து வீட்டு ஜம்பு பொக்கிஷதார். மனு போட்டோம், கூட்டம் போட்டோம். அதிகாரி ஒருவர் என்னைப் பார்த்து, "மனுஷன் தங்க வேண்டாமா?" என்று கேட்டார். அவருக்குக் கான்ட்ராக்டரிடமிருந்து ஏதோ போயிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் சர்ப்பக்காவு என்று ஒன்று உண்டு. மரங்களை அடர வளரவிட்டு, நாகக்கல் வைத்து, பாம்புகளுக்கென்றே விட்டுவிடுவோம். அங்கே ஒரு சுள்ளியை ஒடித்தாலும் வம்சம் தழைக்காது என்பார்கள். நான் ஊரிலிருந்து ஒரு நாகக்கல்லை ரயிலில் வரவழைத்தேன். ஆலமரத்தடியில் புதைத்து, சில மாதம் கழித்து, செடி வைக்கத் தோண்டுவதுபோலச் சபையார் முன்னால் தோண்டி எடுத்தேன். என் சம்சாரம் ஷ்யாமளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். ஜம்பு மட்டும் என்னைப் பார்த்தான்.

மரம் வெட்ட வந்தவர்கள் கல்லைக் கண்டதும் கோடாலியைக் கீழே போட்டார்கள். போடாதவன் ஒருவன்தான். அவர்களுக்கு மேஸ்திரி, கோமதிநாயகம். தாராவியில் குடிசை போட்டிருந்த திருநெல்வேலிக்காரன். அதற்கு முன் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். என் கல்லை ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குச் சுமந்து வந்ததும் அவன்தான். கூலிக்காரன் முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவன் என் முகத்தை ஞாபகம் வைத்திருந்தான்.

ஆட்கள் போனபின் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"சாமி, இது அன்னைக்கு நான் சொமந்துட்டு வந்த கல்லுல்லா? சாக்கு கிளிஞ்சு பாம்புத் தல தெரிஞ்சுதே."

"நீ வேற எதையோ பார்த்திருப்பே."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சாமி. ஒங்களுக்கு மரத்து மேல ஆசை. ஆனா சால் கட்டுனா எனக்கு ஒரு ரூம் தாரேன்னுருக்காங்க. எம் பொஞ்சாதி ஆறுமுகத்தாய் மாசமா இருக்கா. மழைக்கு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நாங்க வெட்டத்தான செய்யணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் இரண்டு நாள் யோசித்தேன். சொல்ல மாட்டேன் என்று ஒருவன் வலிய வந்து சொன்னால் என்ன அர்த்தம்? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இதற்குள் ஜம்புவிடம் சொல்லியிருப்பானோ என்றுகூடத் தோன்றியது. ஜம்பு அந்த வாரம் இரண்டு தடவை காரணமில்லாமல் என் வீட்டுக்கு வந்தான்.

அந்த வாரம் நாகபஞ்சமி. பாம்பாட்டிகள் வீடு வீடாக வந்தார்கள். ஒருவனைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போய், பல் பிடுங்காத நாகம் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டான். பல் பிடுங்கிய பாம்புக்குப் பால் வார்ப்பது பாவம், காட்டில் விட்டுவிடப் போகிறேன் என்றேன். முந்தின நாள் பிடித்ததைக் கூடையோடு கொடுத்தான். நான் பொய் சொல்லவில்லை, காட்டில்தான் விட்டேன். ஆலமரத்தடியில் கோடாலிகள் வைக்கும் மரப்பெட்டி இருந்தது. காலையில் அதை மேஸ்திரிதான் திறப்பான். சாயங்கால வெளிச்சத்தில் கூடையை அதில் கவிழ்த்து, மூடியை மூடினேன். கல்லுக்குச் சக்தியில்லை என்றால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தீர்மானத்தை நான் நாகத்திடமே விட்டுவிட்டேன்.

"ஏன்னா, அந்தக் கூடை எங்கே?" என்று ஷ்யாமளா கேட்டாள். பாம்பாட்டி திருப்பி வாங்கிண்டு போயிட்டான் என்றேன். கொல்லையில் வெறுங்கூடை கிடந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அவள் எதையும் கேட்பதில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து திரும்பும்போது ரயில் ஸ்டேஷனிலேயே சொன்னார்கள். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டானாம். அதன்பின் ஒரு ஆளும் கோடாலியைத் தொடவில்லை. கான்ட்ராக்டர் விலகிக்கொண்டான். காடு பிழைத்தது. சபையில் எனக்கு மாலை போட்டார்கள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆறுமுகத்தாய் கைக்குழந்தையோடு வந்தாள். கல்லின்மேல் பாலை ஊற்றி, "எம் புருசன் தெரியாமச் செஞ்சுட்டான் தாயி, எம் புள்ளய விட்டுரு" என்று மண்ணில் நெற்றியை முட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானே குழந்தைக்கு மஞ்சள் இட்டு, "இனிமே ஒண்ணும் வராது, போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். அதைக்கூட ஜம்பு தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் நாகபஞ்சமிக்கு அந்தப் பாம்பாட்டி மறுபடி வந்தான். எங்கள் புதுக் கட்டிட வாசலில், எல்லார் முன்னாலும், "சேட், இந்தத் தடவையும் பல்லோடதான் வேணுமா?" என்று கேட்டான். ஜம்பு அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிட்டான். அவனுக்கு நியாயத்தின்மேல் அக்கறை என்று நினைக்காதீர்கள். என் ஃபிளாட்டின்மேல் அவனுக்கு முதலிலிருந்தே ஒரு கண்.

கட்டிடமா? போன வருஷம் அந்த நிலம் எங்கள் ஜனங்களின் சொசைட்டிக்குக் கிடைத்தது. படித்த குடும்பங்கள், அமைதியானவர்கள். ஊருக்கு எழுதி நம்பூதிரியிடம் கேட்டு, முறைப்படி பரிகாரம் செய்து, நாகத்தைக் காம்பவுண்டு மூலைக்கு மாற்றிப் பிரதிஷ்டை செய்தபிறகுதான் மரங்களை வெட்டச் சொன்னோம். சாஸ்திரத்தில் அதற்கு இடமிருக்கிறது. கோமதிநாயகம் அதைச் செய்யவில்லையே.

ஆமாம், அவனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஆனால் அந்த ஜனங்கள் பக்கத்தில் குடிவரக் கூடாதென்று நான் செய்ததாக ஜம்பு சொல்லியிருக்கிறானே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் மரங்களுக்காகத்தான் செய்தேன். சந்தேகமிருந்தால் ஷ்யாமளாவைப் போய்க் கேளுங்கள். இரண்டாம் மாடியில் இருக்கிறாள், ஆலமரம் நின்ற இடத்துக்கு நேர் மேலே.