ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் இறங்கவும்

ரெண்டே முக்கால் மணி. ராத்திரி இல்ல... மதியம். ஆகஸ்ட் மாசம், வெள்ளிக்கிழமை.

சாதியாத் தீவுல இருந்து ஏர்போர்ட்டுக்குப் போற ரோடு தெரியுமில்ல? ஜுபைல் பாலம் இறங்கினதும் ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு. நடுவுல தார் ரோடு. அவ்வளவுதான். ஒரு வீடு கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது. ஜும்ஆ தொழுகை முடிச்சு, சாப்பிட்டு, ஊரே ஏசியைப் போட்டுப் படுத்திருக்கிற நேரம். அந்த வெயில்ல ஒரு ஈ காக்கா வராது. இருட்டுன்னாகூட யாராவது வருவாங்க.

இது என்கூட வேலை பார்க்கிற ஹைதமோட தாய்மாமாவுக்கு நடந்தது. பேரு பாபிக்கர். சூடான்காரர். அபுதாபியில இருபத்தாறு வருஷம் டாக்ஸி ஓட்டினவரு. போன ஜூலையில கம்பெனி ஒரு கேக் வெட்டி, கையைக் குலுக்கி, போயிட்டு வாங்கன்னு அனுப்பிருச்சு. அதுல இருந்து மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல். டிரைவர் இல்லாத டாக்ஸி ரோட்டுல போனா நின்னு முறைப்பாரு. ஒருநாள் சிக்னல்ல ஒண்ணு நின்னப்போ கிட்டப் போய் கண்ணாடியைத் தட்டி, "டேய், வெளிய வாடா"ன்னாராம்.

அவரு அந்த வண்டியிலயே ஏற வேண்டியதாயிருச்சு.

அவரு சம்சாரம் நஃபீசா அன்னிக்கு வர்றாங்க. ஊர்ல சண்டை. மூணு வருஷமா ஒரு ஊர் மாத்தி ஒரு ஊர் ஓடி, கடைசியில போர்ட் சூடான்ல டிக்கெட் கிடைச்சிருக்கு. மூணு பத்துக்கு விமானம் இறங்கும். அந்தம்மா கையில இருக்கிற போன் இங்க வேலை செய்யாது. பாஷை தெரிஞ்சா போதுமா, இதுவரைக்கும் ஒரு ஏர்போர்ட்டையும் கண்ணால பார்த்தது கிடையாது. "வெளிய வந்ததும் என்னைத் தேடாத. நின்ன இடத்துலயே நில்லு. நான் வந்து கண்டுபிடிக்கிறேன்"னு இவரு சொல்லி வச்சிருந்தாரு.

ஹைதமோட கார் அன்னிக்குன்னு பார்த்து பேட்டரி செத்துக் கிடந்துச்சு. நாப்பது நிமிஷம் ரோட்டுல நின்னாங்க. ஒரு டாக்ஸி இல்ல. ஹைதம் போனை எடுத்துத் தட்டினான்.

"மாமா, மூணு நிமிஷத்துல ஒண்ணு வருது. ஆனா... டிரைவர் இருக்க மாட்டான்."

"அப்ப யாருடா ஓட்டுவா? உங்கப்பனா?"

"அதுவே ஓட்டும். ஊர்ல பாதிப் பேரு அதுலதான் போறாங்க."

"ஊர்ல பாதிப் பேருக்குப் புத்தி இல்ல."

"சரி, நடந்து போங்க. அத்தை சாயங்காலம் வரைக்கும் நிப்பாங்க."

வெள்ளை வண்டி. கூரை மேல சட்டியைக் கவுத்த மாதிரி ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. ஹைதம் பேட்டரிக்கு ஆள் பார்க்க நின்னுட்டான், இவரு மட்டும் பின்சீட்டுல ஏறினாரு. புது வண்டி வாசனை. முன்னாடி ஸ்டியரிங் இருக்கு, சீட் இருக்கு, ஆள் இல்ல. ஒரு பொண்ணு குரல், தேன் மாதிரி... "வணக்கம் ஹைதம். பெல்ட்டை அணிந்துகொள்ளவும்."

"நான் ஹைதம் இல்ல."

"நன்றி ஹைதம்"னுச்சு வண்டி.

கிளம்பிருச்சு. குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் போச்சு. அதுவே இவருக்கு இன்னும் கடுப்பு. முன்னாடி வண்டி எது வந்தாலும் இவரோட வலது கால் தானா தரையை அழுத்துது, பிரேக் அங்க இருக்கிற மாதிரி. பாலத்துல ஏறுச்சு... இறங்குச்சு... காடு வந்துச்சு.

அங்க வேகம் குறைஞ்சுச்சு. நாலு இண்டிகேட்டரும் டிக், டிக், டிக். ஓரமாப் போய் நின்னுருச்சு.

"ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் தயவுசெய்து இறங்கவும்."

பாபிக்கர் எட்டிப் பார்த்தாரு. காலி சீட்.

"யாரும் இல்ல. போ."

"ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் தயவுசெய்து இறங்கவும். அதன் பின் பயணம் தொடரும்."

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல!"

கால் மணி நேரமா இதே பாட்டு. அதே குரல், அதே தயவுசெய்து. மணி மூணு பத்து. வெளிய நாப்பத்தேழு டிகிரி. இறங்கி நடந்தா பாதி வழியில சுருண்டு விழணும். உதவின்னு எழுதியிருந்த பட்டனை ஓங்கிக் குத்தினாரு. மணி அடிச்சு, ஒரு பையன் எடுத்தான்.

"சொல்லுங்க ஹைதம் சார்."

"நான் ஹைதம் இல்ல! என் பொண்டாட்டி ஏர்போர்ட்டுல நிக்கப்போறா. உங்க வண்டி காலி சீட்டோட சண்டை போட்டுக்கிட்டு நிக்குது. கிளப்பு!"

"புரியுது ஹைதம் சார். முன்சீட்டுல இருக்கறவரைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க. விதிமுறை சார்."

"நான் பின்னாடி இருக்கேன்யா! உனக்குக் கேமரா இருக்குல்ல? பாரு!"

"பார்க்கிறேன் சார். நீங்க பின்னாடி இருக்கீங்க, வெள்ளைத் தலைப்பாகை. நான் உங்களைச் சொல்லல."

பாபிக்கர் மறுபடி முன்சீட்டை எட்டிப் பார்த்தாரு. காலிதான்.

அப்புறம் அந்தப் பையன் மெதுவா... "சார்... அவருக்கு உடம்பு சரியில்லையா? தலை இப்படி தொங்குதே..."

லைன் கட்.

ஏசி காத்து மட்டும் உஸ்ஸுன்னு வந்துக்கிட்டு இருக்கு. அப்பதான் அந்த வாசனை. புது வண்டி வாசனைக்கு நடுவுல... தைலம். கண்ணுக்குக் கீழ தடவிக்குவோமே, எரியட்டும்னு... அந்தத் தைலம். அதுக்கு அடியில நாள் பூரா ஊறின வேர்வை.

முன்சீட் அசைஞ்சுச்சு. ர்ர்ர்ர்... பின்னாடி நகருது. கால் நீளமான ஆள் ஏறினா தள்ளி வைப்பான்ல, அந்த மாதிரி. அவரு முட்டியில வந்து இடிச்சு நின்னுச்சு.

திரையில எழுத்து மாறுச்சு. "வண்டி ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் உள்ளது."

கிளம்பிருச்சு.

கதவைப் பிடிச்சு இழுத்தாரு. திறக்கல. நிறுத்துன்னு ஒரு சிவப்புப் பட்டன். அதை அமுக்கினாரு. பொண்ணு குரல் அதே தேனா சொல்லுச்சு, "வண்டியை நிறுத்த, உங்கள் ஓட்டுநரிடம் கேளுங்கள்."

"எந்த ஓட்டுநருடி!"ன்னு கத்தினாராம். பயத்தைவிட அந்த நேரத்துல ஆத்திரம்தான் அதிகம்னு அவரே சொல்லியிருக்காரு. மூணு வருஷம் காத்திருந்து, ஏர்போர்ட்டுக்கு இருபது கிலோமீட்டர்ல வச்சு இப்படியான்னு.

வண்டி நூத்திருபதுல போகுது. இவரு ஸ்டியரிங்கையே பார்க்கிறாரு. முன்னாடி அது கடிகார முள் மாதிரி அசைஞ்சுது. இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்... கை வச்சு ஓட்டற மாதிரி. மனுஷன் ஓட்டற மாதிரி. ஒரு நிமிஷம் இவருக்கு நிம்மதிகூட வந்துச்சாம், வெட்கக்கேடு.

அப்புறம் வண்டி வலது பக்கமா ஒதுங்க ஆரம்பிச்சுது. மெதுவா... வளைவு இல்ல, எதிர்ல வண்டி இல்ல. சும்மா ஒதுங்குது. ரோட்டு ஓரத்துல வரிவரியா செதுக்கியிருப்பாங்கல்ல... அதுல சக்கரம் ஏறுச்சு. ட்ர்ர்ர்ர்ர்ர்...

வெடுக்குன்னு ஸ்டியரிங் திரும்புச்சு. நேராப் போச்சு. பத்து வினாடி. மறுபடி... ஒதுங்குது...

ட்ர்ர்ர்ர்ர். வெடுக்.

இருபத்தாறு வருஷம் ஓட்டினவருக்கு அது என்னன்னு யாரும் சொல்லித் தரணுமா? முன்சீட்டுக் கண்ணாடி தானா இறங்குச்சு. அனல் காத்து மூஞ்சியில அடிச்சுது. தூக்கம் சொக்கும்போது டிரைவருங்க எல்லாம் செய்யறதுதான்.

அந்த ஆளு தூங்கி விழறான்.

"டேய்... டேய்! தூங்காதடா!"

ஸ்டியரிங் நேராச்சு.

இவரு வாயை மூடினாரு. ஒதுங்குச்சு.

அப்ப புரிஞ்சுபோச்சு. பேசினா ஓட்டறான். நிறுத்தினா தூங்கறான்.

பேச ஆரம்பிச்சாரு. என்ன பேசறது? முதல்ல திட்டினாரு. "நீயெல்லாம் டிரைவராடா? எவன்டா உனக்கு லைசென்ஸ் குடுத்தான்? உன் கையில வண்டியக் குடுத்ததுக்கு ஒரு கழுதைகிட்ட குடுத்திருக்கலாம்!" அது தீர்ந்துச்சு. "எந்த ஊரு தம்பி? எத்தனை மணிக்கு டியூட்டி ஏறின? சாப்பிட்டியா?" கேள்வி கேட்டா நல்லா முழிச்சுக்கிறான். அதனால கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதுவும் தீர்ந்துச்சு. நஃபீசாவைப் பத்திச் சொன்னாரு. கல்யாணத்தன்னிக்கு அவ கோவிச்சுக்கிட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில உக்காந்த கதை. தொண்டை வறண்டுபோச்சு. தண்ணி பாட்டில் முன்னாடி டப்பாவுல இருக்கு. கையை நீட்டத் துணிச்சல் இல்ல.

யாஸ் தீவுப் பாலத்துக்கிட்ட ஒரு லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. டயர் வெடிச்சு, ஓரமா. இவருக்கு இருமல் வந்துருச்சு... ரெண்டு வினாடி, மூணு வினாடி... பேச்சு வரல. வண்டி நேரா லாரியைப் பார்த்துப் போகுது. அடியில இருக்கிற இரும்புக் கம்பி தெரியுது. வேற வழியே இல்லாம, பாபிக்கர் முன்னாடி சாஞ்சு அந்த ஆளோட தோள் இருக்க வேண்டிய இடத்துல கையைப் போட்டு உலுக்கினாரு.

கையில துணி பட்டுச்சு.

சட்டைத் துணி. நனைஞ்சது. சில்லுன்னு...

வண்டி வெட்டித் திரும்பி லாரியைத் தாண்டுச்சு. பக்கக் கண்ணாடி பட்டு டப்புன்னு மடங்குச்சு. இவரு கையைத் தொடையில தேய்ச்சுக்கிட்டே, அழுதுக்கிட்டே, பேசிக்கிட்டே போனாரு. தன் பசங்க பேரு, செத்துப்போன தங்கச்சி பேரு, தான் ஓட்டின வண்டிங்க நம்பர் ஒவ்வொண்ணா... வாயில வந்ததெல்லாம். ஏர்போர்ட்டு போர்டு தெரியற வரைக்கும்.

வாசல்ல கோணலா நின்னுச்சு. கதவு தானா திறந்துச்சு. "பாதுகாப்பான பயணத்துக்கு நன்றி ஹைதம்." கீழ விழுந்த மாதிரி இறங்கினாரு. மணி மூணு முப்பத்தஞ்சு.

உள்ளே ஓடியிருக்கணும். அந்தம்மா நிப்பாங்க. ஆனா ஒரு சத்தம் கேட்டுச்சு... ர்ர்ர்ர்ர்... திரும்பிப் பார்த்தாரு. முன்சீட்டோட சாய்மானம் மெதுவா சாயுது. பின்னாடி... இன்னும் பின்னாடி... சவாரி முடிஞ்சா டிரைவர் சாஞ்சுக்குவான்ல, அப்படி.

அப்போ ஒரு பொண்ணு தள்ளுவண்டியை இழுத்துக்கிட்டு வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். கண்ணு செவந்து, முடி கலைஞ்சு, எங்கேயோ ரொம்ப தூரத்துல இருந்து ராத்திரி பூரா பறந்து வந்த மூஞ்சி. போனைப் பார்த்துட்டு நேரா இந்த வண்டிக்கிட்ட வந்துச்சு.

"ஏறாதம்மா. இதுல ஏறாத." பாபிக்கர் குறுக்க போய் நின்னாரு.

"நான் புக் பண்ணது மாமா. நம்பர் சரியா இருக்கு."

"டிரைவர் சரியில்ல. தூங்கறான்."

அந்தப் பொண்ணு முன்சீட்டை எட்டிப் பார்த்துச்சு. இவரைப் பார்த்துச்சு. தலைப்பாகை அவுந்து, கண்ணுல தண்ணியோட ஒரு கிழவன்... சிரிப்பு வந்துருச்சு அதுக்கு.

"டிரைவரே இல்லையே மாமா. அதுக்காகத்தான் இதை எடுக்கிறேன். போன தடவை வந்தப்போ டிரைவர் கண்ணசந்து சுவத்துல இடிச்சுட்டான், கை முறிஞ்சு ரெண்டு மாசம் கிடந்தேன். இதுலன்னா நிம்மதியாத் தூங்கிட்டுப் போவேன்."

"தூங்கக் கூடாது! பேசிக்கிட்டே போகணும்... கேளும்மா, வாயை மூடாம..."

காவலாளி வந்து தோளைப் பிடிச்சு இழுத்தான். "பெரியவரே, பயணிகளைத் தொந்தரவு பண்ணாதீங்க." இவரு திமிறினாரு. டிரைவர் வேலை போன கிழவன், பொறாமையில கத்தறான்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க. கதவு சாத்திக்கிச்சு.

நஃபீசா நின்ன இடத்துலயே நின்னாங்க. ரெண்டு பேரும் பஸ்ஸுல வீட்டுக்குப் போனாங்க. வழி பூரா பாபிக்கர் ஒரு வார்த்தை பேசல. மூணு வருஷம் கழிச்சுப் பார்க்கிற பொண்டாட்டிகிட்ட. அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்க. மறுநாள்ல இருந்து அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாரு. ஒரு வாரம் போட்டாரு. அன்னிக்கு வண்டி தானாத்தான் ஓடுச்சு, எந்தக் கோளாறும் பதிவாகல, அடுத்த பயணி விவரம் சொல்ல மாட்டோம்னு ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஆள் சொன்னான். உதவி லைன்ல பேசின அந்தப் பையனைக் கேட்டாரு. அவன் அன்னிக்கே வேலையை விட்டுட்டானாம். செய்தித்தாள் தினமும் வாங்கிப் பார்த்தாரு. ஒண்ணும் வரல.

ஆனா ஹைதம்கிட்ட திருப்பித் திருப்பிச் சொல்றது ஒண்ணுதான். காவலாளி பிடியில நின்னு கடைசியா பார்த்தது. கண்ணாடிக்குப் பின்னாடி அந்தப் பொண்ணு தலையைச் சாய்ச்சிருச்சு. வாய் லேசாத் திறந்திருக்கு. வண்டி நகருது... சாஞ்ச சீட் நிமிரவே இல்ல... வாசலைத் தாண்டி, ரோட்டுல சேர்ந்து, முன்னாடி போகப் போக...

ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டுப் பக்கமா... மெதுவா... மெதுவா... ஒதுங்கிக்கிட்டு.