ஒரு வாரத்துக்குள் மறுப்பு இல்லையெனில்

மகள்: பலகையை ஆட்டாதம்மா. சார்ஜர் வயர் கழண்டுடும்.

அம்மா: நான் துணி தேய்க்கிற பலகையில நீ கம்ப்யூட்டரை வெச்சா, நான் எங்க போய்த் தேய்க்கிறது? காலைல டியூட்டிக்குப் போகணும். சட்டை சுருண்டு கிடக்கு.

மகள்: பத்து நிமிஷம். பெட்டி கெட்டுப்போச்சு.

அம்மா: எந்தப் பெட்டி?

மகள்: நாம எழுதுற விக்கிப்பீடியாவுல ஒரு மஞ்சப் பெட்டி இருக்குல்ல... 'இங்கே ஓர் உரையாடல் நடைபெறுகிறது, உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்'னு உச்சியில வருமே.

அம்மா: ...அதுவா.

மகள்: அதுதான். எதுக்கு இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்ட?

அம்மா: சூடு ஆறட்டும்னு. நீ சொல்லு, அதுக்கு என்ன வந்துது?

மகள்: ஃபோன்ல பாக்கிறவங்களுக்கு அது கீழ வரைக்கும் நீண்டு, பதில் போடுற பட்டனை முழுங்கிடுது. ஏற்கனவே யாராவது பதில் போட்டிருந்தா அதையும் சேர்த்து மறைச்சுடுது. கம்ப்யூட்டர்ல பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கு.

அம்மா: யார் கைவண்ணம்?

மகள்: ...என் கைவண்ணம்தான். ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டா அழகா இருக்குமேன்னு போன மாசம் ஒரே ஒரு எண்ணை மாத்தினேன்.

அம்மா: ஒரு எண்ணுக்கா இவ்வளவு கூத்து?

மகள்: வார்ப்புருன்னா அப்படித்தாம்மா. ஒரே அச்சு. அதை எத்தனை பக்கத்துல பதிச்சிருக்கோ, அத்தனையும் ஒண்ணா மாறிடும். உங்க சலவைக் கூடத்துல ஒரு தொட்டியில நீலம் அதிகமாகி, ஆஸ்பத்திரி முழுக்க நீலப் படுக்கை விரிப்பாச்சே...

அம்மா: ஒரே தடவைதான் நடந்தது. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவியா?

மகள்: என்னுதும் முதல் தடவைதான். கொஞ்சம் இரக்கம் காட்டு.

அம்மா: சரி, பட்டன் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?

மகள்: ஒரு பயனர் புகார் சொன்னார். ஏற்கனவே பெட்டியில எழுத்து பொடியா இருக்குன்னு என்கிட்ட சண்டை போட்டவர்தான்.

அம்மா: சண்டை எங்க போட்டார்? பதமாத்தானே சொன்னார்.

மகள்: யாரைச் சொல்ற?

அம்மா: யாரையும் இல்ல. பொதுவா சொன்னேன்.

மகள்: பொதுவா.

அம்மா: எழுத்து பொடிதான். கண்ணைப் பத்தித் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க.

மகள்: கண்ணைப் பத்தித் தெரிஞ்சவங்கன்னா... கீழ்த்தெரு கண்ணாடிக் கடைக்காரர் மாதிரியா?

அம்மா: கையில வேலை இருக்குல்ல, அதைப் பாரு.

மகள்: இல்ல, ஃப்ரேம் லூசா இருக்குன்னு ஒரே கண்ணாடிக்கு நாலு தடவை போயிட்டு வந்தியே. அதான் கேட்டேன்.

அம்மா: மூக்குல இருந்து வழுக்கிக்கிட்டே இருந்துது.

மகள்: அதுக்கு எதுக்கும்மா பவுடர் போட்டுக்கிட்டுப் போன? இன்னும்தானே வழுக்கும்?

அம்மா: ...அந்தச் சட்டையை எடு இப்படி.

மகள்: இஸ்திரிப் பெட்டி ஆறிப்போச்சு.

அம்மா: எடுன்னா எடு. மடிச்சாவது வெக்கிறேன்.

மகள்: இந்தா. பட்டன் ஒருவழியா வெளிய வந்துடும்னு நினைக்கிறேன். இன்னொரு வேலையும் இருக்கு. பெட்டியில கடைசி வரி பாத்திருக்கியா? 'ஒரு வாரத்துக்குள் மறுப்பு இல்லையெனில் ஒப்புதலாகக் கொள்ளப்படும்.' அதை எடுத்துடப்போறேன்.

அம்மா: எதுக்கு? நல்ல வரி.

மகள்: நல்ல வரியா? மத்ததெல்லாம் உனக்குக் கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்து, இது மட்டும் மனப்பாடமா?

அம்மா: அச்சடிச்ச மாதிரி இருக்குல்ல, படிச்சேன்.

மகள்: யோசிச்சுப் பாரும்மா. பதில் போடவே வழி இல்லாம அடைச்சு வெச்சுட்டு, நீ பேசல, அதனால ஒத்துக்கிட்டன்னு சொன்னா நியாயமா?

அம்மா: இனிமே போடற பெட்டியில எடுத்துக்கோ. ஏற்கனவே போட்டதை எதுக்குத் தொடணும்?

மகள்: ஒரே அச்சுன்னு இப்பத்தானே சொன்னேன். எடுத்தா எல்லாத்துலயும் போயிடும்.

அம்மா: அப்ப நாளைக்கு எடு.

மகள்: இன்னிக்கு என்ன?

அம்மா: இன்னிக்கு... ஒண்ணும் இல்ல. யாராவது ஒருத்தர் வாரம் முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. இன்னிக்கோட முடியுதுன்னு இருப்பாங்க. அந்த நேரம் பாத்து நீ வரியைப் பிடுங்கினா அவங்க கதி என்ன?

மகள்: யாரு அந்த ஒருத்தர்?

அம்மா: யாரோ. ஊர்ல ஆளா இல்ல?

மகள்: அந்த யாரோவுக்கு பதில் வேணுமா? இல்ல, வாரம் கழிஞ்சாலே போதுமா?

அம்மா: ...பயந்தவங்களுக்குக் கழிஞ்சாலே போதும்.

மகள்: என்ன பயம்?

அம்மா: பதில்னு வந்தா அதுல என்ன இருக்குமோன்னு பயம். ஒண்ணும் வரலைன்னா, கோவம் இல்லைன்னாவது நினைச்சுக்கலாம்ல.

மகள்: ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற ஆளை நேர்லயே கேட்டுடலாமே.

அம்மா: வீட்டுக்குள்ளன்னு யார் சொன்னது?

மகள்: பொதுவா சொன்னேன். சரி, உன் ஃபோனைக் குடு.

அம்மா: எதுக்கு?

மகள்: சின்னத் திரையில பெட்டி எப்படித் தெரியுதுன்னு பாக்கணும். என்னுது பெரிசு.

அம்மா: சார்ஜ் இல்ல.

மகள்: கையில வெளிச்சம் அடிக்குது.

அம்மா: அது டார்ச்.

மகள்: அம்மா...

அம்மா: நானே பாத்துச் சொல்றேன். என்ன பண்ணணும்?

மகள்: அந்தப் பெட்டி இருக்கிற ஏதாவது ஒரு பக்கத்தைத் திற.

அம்மா: திறந்துதான் இருக்கு.

மகள்: எது?

அம்மா: கறை நீக்கறதைப் பத்தி நான் எழுதினேனே, அது.

மகள்: அதுல பெட்டியே கிடையாதே. உன் பக்கத்துல எவனாவது பெட்டி போட்டா நீ அவனையே வெளுத்துடுவன்னு எல்லாருக்கும் தெரியும்.

அம்மா: உனக்குச் சேதி எழுதிப் போடுவாங்களே, உன் பேச்சுப் பக்கம்.

மகள்: என் பேச்சுப் பக்கத்துல உனக்கு என்ன வேலை?

அம்மா: உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தது. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது, உன் முகத்தைப் பாத்ததும் திரும்பிப் போயிடுச்சு. டைப் அடிச்சா வந்துது. நீ பண்ற மாதிரியே பெட்டி எல்லாம் வெச்சுத்தான் போட்டேன். உன் பேர்ல இருக்கிற பக்கம், நீ மட்டும்தானே பாப்பன்னு...

மகள்: அதை எல்லாரும் பாக்கலாம்மா.

அம்மா: எல்லாரும்னா?

மகள்: எல்லாரும்.

அம்மா: ஐயையோ. அவர் பேரு, கடை, நான் எழுதினது எல்லாம்...

மகள்: பேரு எங்க எழுதின? 'கண்ணாடிக்காரர்'னுதான் போட்டிருக்க.

அம்மா: அப்ப நீ படிச்சுட்ட.

மகள்: இப்ப வாயால கேளு. அப்பத்தான் 'சேமி'யை அமுக்குவேன்.

அம்மா: அடிப்பாவி. தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்த?

மகள்: கேளும்மா.

அம்மா: ...கடைக்குப் பின்னாடி ஒரு சின்ன மேசை இருக்கு. அங்க அவர்கூட உக்காந்து டீ குடிக்கிறப்ப நான் கடிகாரத்தையே பாக்கிறதில்ல. உங்க அப்பா போனதுக்கு அப்புறம் எனக்கு அப்படி இருந்ததே இல்ல. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கிறார். எனக்கு ஆசையா இருக்கு. ஆனா உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுவேன், நிஜமா. சொல்லிட்டு அழுவேன். போதுமா?

மகள்: போதும். சேமிச்சாச்சு. இப்பப் பக்கத்தை இன்னொரு தடவை திற.

அம்மா: இரு, திறக்குது... பெட்டி சின்னதாயிடுச்சு. பட்டன் வந்துடுச்சு. என்னடி இது, கீழ நீளமா என்னென்னவோ இருக்கு?

மகள்: கம்ப்யூட்டர்ல இருந்து பதில் போட்டவங்க. இத்தனை நாளா உன் ஃபோன்ல பெட்டிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. படி.

அம்மா: 'ஆதரவு.' ... 'ஆதரவு.' ... 'வலுவான ஆதரவு.' இது யாரு?

மகள்: பறவைகளைப் பத்தி எழுதுவார். நான் நேர்ல பாத்ததுகூட இல்ல.

அம்மா: 'ஆதரவு. ஆனால் அவர் நல்லவர் என்பதற்குச் சான்று தேவை.' கொழுப்பைப் பாரு.

மகள்: அவர் எதுக்கும் அதைத்தான் கேப்பார். சூரியன் கிழக்குல உதிக்குதுன்னு எழுதினாலும் கேப்பார்.

அம்மா: 'நடுநிலை. இரண்டாவது பத்தியில் பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன்.' என் கல்யாணப் பேச்சுல இவர் பிழை திருத்திக்கிட்டு இருக்கார்.

மகள்: அவருக்கு அதுதான் வாழ்த்து.

அம்மா: மானம் கப்பலேறிடுச்சு. நாளைக்கு நான் விக்கிப் பக்கம் எப்படித் தலை காட்டுவேன்? ...ஆனா நல்லா இருக்குடி. முன்ன பின்ன தெரியாதவங்க, இத்தனை பேர். எதிர்ப்புன்னு ஒண்ணுகூட இல்லையா?

மகள்: இல்ல.

அம்மா: உன்னுது?

மகள்: அவசரத்துல கீழ தள்ளிட்ட. மேல போ. முதல் பதில்.

அம்மா: என் கண்ணாடி... தலையிலதான் இருக்கு. 'ஆதரவு. எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ இப்போதெல்லாம் குளிக்கும்போது பாடுகிறாய், அது எதனால் என்று இன்றுதான் தெரிந்தது.' ...இது நான் எழுதின அன்னிக்கே போட்டிருக்கியே.

மகள்: ஆபீஸ்ல பாத்த உடனே போட்டேன். வீட்டுக்கு வந்தா நீ ஒண்ணுமே நடக்காத மாதிரி காய் நறுக்கிக்கிட்டு இருந்த. சரி, அம்மா வெக்கப்படறாங்கன்னு விட்டுட்டேன். மறுநாளும் நீ வாயைத் திறக்கல.

அம்மா: நீ திறக்கலையேன்னு நான் இருந்தேன். வாரம் முழுக்க எனக்குச் சோறே இறங்கல.

மகள்: எனக்கு மட்டும் இறங்குச்சா?

அம்மா: ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து... கர்மம். இரு, பட்டன் இல்லைன்னு அந்தப் பயனர் உன்கிட்ட எங்க வந்து புகார் சொன்னார்?

மகள்: நேத்து சாயங்காலம் பொறுக்க முடியாம நானே அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போயிட்டேன். 'எங்கம்மா மனசு மாறிட்டாங்களா'ன்னு கேட்டேன். அந்த மனுஷன் ஃபோனை என் முன்னாடி நீட்டி, 'அம்மாவைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல உங்க பெட்டியைச் சரிபண்ணுங்க, ஒரு வாரமா நானே ஆதரவு போடப் பட்டனைத் தேடிக்கிட்டு இருக்கேன்'னார்.